தொட்டிச் செடியும் வடிகாலும்



டில்லியிலோ மும்பையிலோ குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் மாடி முகப்பில் தொட்டிக் கறிவேப்பிலையைக் காண்பது அரிதன்று. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொணர்ந்த கன்றாகவும் அது இருக்கலாம். அக்கன்று வாடினால், நீர் போதவில்லையென எண்ணி மேலும் ஊற்றுகிறோம். பல வேளைகளில் நோய்க்குக் காரணமே அந்நீர்தான்.

வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் நுண்துளைகளையெல்லாம் நீரே அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலின் ஈரமண்ணிலேயே இலை வாடுகிறது. எனவே, நீர் விடுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டா.

தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. உண்மை வேறு. நுண்ணிய மண் நீரை இறுகப் பற்றும். பருத்த கற்களின் இடைவெளிக்கு அந்தப் பிடிப்பு இல்லை. மேலுள்ள மண் நிறைய நனையும் வரை நீர் கற்களுக்குள் இறங்காது. ஆகவே தேங்கும் ஈரம் வேருக்கு இன்னும் அண்மையில் நிற்கிறது. நீளமான பஞ்சுக்கட்டி ஒன்றை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் நிமிர்த்துங்கள். மீண்டும் நீர் வடியும். ஆழமான தொட்டி நலம் பயப்பதும் இக்காரணத்தாலேயே.

கல்லுக்கு மாறாக, துளையின்மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் குழிந்த பக்கம் கீழாகக் கவிழ்த்தால் போதும். தோட்டமண், மக்கிய எரு, பருமணல் மூன்றையும் சமபங்காகக் கலந்து, மேல்விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழ்வரை நிரப்புங்கள். தொட்டியைச் செங்கல் துண்டுகளின்மேல் வைத்தால் துளை அடைபடாது.

வாழும் ஊரின் பருவத்தையும் கருதவேண்டும். டில்லியில் டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் கறிவேப்பிலை வளர்ச்சி குன்றி இலை உதிர்ப்பதுண்டு. அது கண்டு நீரை மிகுத்தல் ஆகாது. குறைத்து, வெயில் படும் சுவரோரம் வையுங்கள். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது அடித்தட்டை எடுத்துவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு நீர் தேங்கிய அத்தட்டிலும் முட்டையிடும். அடித்தட்டு வைத்திருப்போர் வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுதல் கடமை. முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும்.

நீர் ஊற்றிய சிறிது நேரத்தில் அடித்துளை வழியே அது வெளிவருகிறதா என்று குனிந்து நோக்குங்கள். வெளிவராவிடில் ஒரு குச்சியால் துளையைத் திறந்துவிடுங்கள். ஊர்க் கன்று உங்கள் வீட்டில் தழைக்க அது முதற்படியாகும்.