பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் சீன வைத்தியமும்



எனக்குக் கொடுத்த தலைப்பு உடல்நலம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றி நர்சம்மா விவரமாகச் சொல்லிட்டாங்க. நான் பேசப்போறது பக்கவாதம் வந்தவங்களுக்கு அப்புறமா வரும் மனச்சோர்வைப் பற்றி. அதுக்குச் சீன நாட்டில் என்ன செய்யறாங்க என்பதையும் சொல்றேன். ஏன் சீனான்னு கேட்பீங்க. நம்ம பக்கம் அக்குபஞ்சர்னு போர்டு போட்ட இடங்கள் எத்தனை வந்திருக்கு! அது அங்கிருந்து வந்த வைத்தியம்தானே.

பக்கவாதம் வந்த மூணு பேரில் சுமார் ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. கை கால் விளங்காத வேதனை ஒரு காரணம். மூளையில் அடிபட்டதே இன்னொரு காரணம். என் மாமியாருக்கு வலது பக்கம் விழுந்து, நாலு மாசத்தில் கை கொஞ்சம் தூக்க வந்தது. ஆனா பயிற்சி செய்ய மாட்டேன்னு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவாங்க. சோறு வேண்டாம், தூக்கம் இல்லை, பேரப்பிள்ளை வந்தாலும் பேச்சில்லை. சொந்தக்காரங்க அதை வீம்புன்னாங்க. வீம்பு இல்லைங்க, அதுவும் நோய்தான். பயிற்சி செய்யாட்டி கை காலும் தேறாது, அதனாலதான் இதை விடக்கூடாது.

சீனாக்காரங்க பக்கவாதத்தை 'ஜோங்ஃபெங்' என்பாங்க. காற்று அடிச்சதுன்னு அர்த்தம். நாமும் வாதம்னுதான் சொல்றோம், வாதம்னா காற்றுதானே! படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. மனச்சோர்வை 'யூ' என்பாங்க. அடைபட்டுத் தேங்கிப்போனது என்று பொருள். உடம்பில் ஓடும் 'சீ' என்ற உயிரோட்டம் கல்லீரலில் தேங்கினா மனசு வாடும் என்பது அவங்க முன்னோர் கணக்கு. ஸ்கேன் எடுத்தா தெரியுற சங்கதி இல்லை அது.

அடைப்பை எடுக்க, தலைமுடி மாதிரி மெல்லிய ஊசி குத்தறாங்க. உச்சந்தலையில் ஒரு இடம், புருவ மத்தியில் நாம பொட்டு வைக்கிற இடம், மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கம் ஒரு இடம். தியான்ஜின் நகரத்தில் ஷி ஷுவேமின் என்ற மருத்துவர் 1972-ல் பக்கவாதத்துக்கென்றே ஒரு ஊசி முறையை உண்டாக்கினார். மூளையை விழிக்க வைக்கும் முறைன்னு அதுக்குப் பேர். மருந்தும் உண்டு. 'சியாவ்யாவ் சான்' என்ற பொடி சுமார் 900 வருஷமா இருக்கு. அதில் இஞ்சி, புதினா, அதிமதுர வகை எல்லாம் சேருது. 'பாதுவான்ஜின்' என்று எட்டு அசைவு கொண்ட உடற்பயிற்சியும் இருக்கு. மூச்சை நிதானமா விட்டுக்கிட்டே செய்யணும், நிற்க முடியாதவங்க உட்கார்ந்தும் செய்யலாம்.

இதெல்லாம் பலிக்குதான்னு கேட்டா, சீனாவில் நிறைய ஆய்வு நடந்திருக்கு. பலது கொஞ்சம் பேரை வெச்சுச் செய்தது. மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தா நல்லது நடக்கலாம்னு தெரியுது, அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்லை. ஒண்ணைக் கவனிக்கணும் சகோதரிகளே. அங்கே பெரிய சீன வைத்திய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தற இடத்திலேயே ஸ்கேனும் இருக்கு, பிரஷர் மாத்திரையும் கொடுக்கறாங்க.

நம்ம பக்கம் என்ன நடக்குது? எங்க வீட்டுக்கு வந்த ஒரு ஊசி வைத்தியர், "எல்லா மாத்திரையும் நிறுத்துங்க, அதுதான் விஷம்"னார். என் வீட்டுக்காரர் கூட யோசிச்சார். நான் ஒத்துக்கலை. அத்தை சாப்பிடறது ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, அதை நிறுத்தினா இன்னொரு தடவை பக்கவாதம் வரலாம். சீன மூலிகையில் 'டாங்குய்' மாதிரி சிலது அந்த வகை மாத்திரையோடு சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம். அதிமதுரம் அதிகமானா பிரஷர் ஏறும். இதை டாக்டரும் சொன்னார். மூலிகைக் கடைப் பொடி எதுவானாலும் டாக்டரிடம் காட்டிட்டுக் கொடுங்க. ஊசி வெச்சுக்க ஆசைன்னா படிச்சவரா பாருங்க, புது ஊசி பிரிக்கிறாரான்னு பாருங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறதைச் சொல்லுங்க.

டாக்டர் மனச்சோர்வுக்கும் ஒரு மாத்திரை எழுதினார். சில வாரம் கழிச்சுத்தான் பலன் தெரிஞ்சது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தாங்க. காலையில் திண்ணையில் நானும் அத்தையும் சேர்ந்தே கையைத் தூக்கி இறக்குவோம், மூச்சை விட்டு விட்டு. தனியா செய்யச் சொன்னா இன்னைக்கும் மாட்டாங்க! வலது கை முழுசா வரலை. இடது கையால வெங்காயம் உரிக்கிறாங்க, உப்பு பத்தலைன்னு திட்டவும் செய்யறாங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைஞ்சா டாக்டரிடம் சொல்லுங்க. "நான் செத்தா தேவலை"ன்னு ஒரு வார்த்தை வந்தா அன்றைக்கே சொல்லணும். 14416-க்கு போன் போட்டா மனநல ஆலோசனை இலவசமா கிடைக்கும். அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் பக்கவாதம் வந்தவங்க இருக்கிற வீடுகளை எழுதிட்டு வாங்க. வாரத்துக்கு ரெண்டு பேர் போய் அவங்களோட உட்கார்ந்துட்டு வர ஏற்பாடு செய்வோம் என்று தலைவி அக்காவிடம் கேட்டுக்கறேன்.