பள்ளி வாசல் தாண்டாத பார்வையற்ற பிள்ளைகள்



2006ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி நம் தலைநகர் கோலாலம்பூரில் ஓர் உலக மாநாடு தொடங்கியது. பார்வைக் குறைபாடுள்ளோர் கல்விக்கான அனைத்துலக மன்றம் அதனை நடத்தியது. உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்துடன் கைகோத்து, பார்வைக் குறைபாடுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைக்க வேண்டும் என்னும் இயக்கத்தை அம்மன்றம் இங்குதான் தொடங்கி வைத்தது. வளரும் நாடுகளில் இப்பிள்ளைகளுள் பள்ளிக்குப் போகிறவர்கள் 10 விழுக்காட்டிற்கும் குறைவு என்பது அன்று முன்வைக்கப்பட்ட மதிப்பீடு. பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் வீட்டுத் திண்ணையில்!

ஏழ்மை மட்டும்தானா காரணம்? பார்வையற்றோர் கல்வி என்றாலே நகரத்தில் ஒரு விடுதிப் பள்ளி என்றுதான் நீண்டகாலம் உலகம் நினைத்தது. மலாக்காவில் 1926இல் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லமும், ஜொகூர் பாருவில் திறக்கப்பட்ட பிரின்சஸ் எலிசபெத் பள்ளியும் ஆற்றிய தொண்டு பெரிது. அதில் ஐயமில்லை. ஆனால், ஒரு விடுதி எத்தனை பிள்ளைகளைத்தான் ஏற்கும்? ஏழு வயதுப் பிள்ளையை, அதுவும் கண் தெரியாத பிள்ளையை, எங்கோ தொலைவில் விட்டுவர எந்தத் தாய் மனம் ஒப்பும்?

எனவேதான், பிள்ளையைச் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே சேர்க்கும் முறை பரவியது. இந்திய நடுவண் அரசு 1974இல் இதற்கென ஒரு திட்டமே கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று பிரெயில் எழுத்தையும், மணிச்சட்டக் கணக்கையும், கைத்தடி கொண்டு நடக்கும் பயிற்சியையும் கற்றுக் கொடுப்பார். மற்றப் பாடங்களை வகுப்பாசிரியர் நடத்துவார். நல்ல முறைதான். ஆனால், அந்தச் சுற்றுலா ஆசிரியர் வராமல் போனால், பிரெயில் நூலும் இல்லாமல் போனால், என்ன நடக்கும்? பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கும். பதிவேட்டில் சேர்க்கை எண்ணிக்கை கூடும். எழுத்து மட்டும் வராது.

"இப்போதுதான் கணினியும் கைப்பேசியும் பேசுகின்றனவே, இனி பிரெயில் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள்! அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: ந, ன இரண்டையும் காதால் மட்டும் கேட்டு எப்படிப் பிரித்து எழுதுவது? தமிழ்ப் பிரெயிலில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. அச்சில் 'கொ' என்று எழுதினால் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கும். பிரெயிலில் க, அதன்பின் ஒகரம், அவ்வளவுதான். நாம் ஒலிக்கும் வரிசையிலேயே விரலும் படிக்கிறது. ஆறே புள்ளிகள்தாம், அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும். காதால் கேட்பது செய்தி அறிய உதவும். பிழையின்றி எழுதவும், கணக்குப் போடவும், எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தவும் விரல் நுனியில் எழுத்து வேண்டும்.

இதை வகுத்த லூயி பிரெயில் 1809இல் பிரான்சில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கருவி குத்திக் கண்ணை இழந்தார். 1829இல், இருபது வயதில், தம் எழுத்துமுறையை நூலாக வெளியிட்டார். ஆனால், கண்ணுள்ள ஆசிரியர்களுக்குத் தங்கள் கண்ணுக்குப் பழகிய எழுத்தைப் புடைப்பாக அச்சிடுவதே வசதியாக இருந்தது! 1854இல்தான் பிரான்சில் அவர் முறை அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1852இலேயே மறைந்துவிட்டார்.

நூல் பற்றாக்குறைக்கு அண்மையில் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2013இல் மராக்கேஷ் நகரில் ஓர் அனைத்துலக உடன்படிக்கை ஏற்கப்பட்டது. பதிப்புரிமை பெற்ற நூலையும் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்றி, நாடுவிட்டு நாடு அனுப்ப அது வழிவகுக்கிறது. அதை முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா, 2014இல். சிங்கப்பூர் 2015இல் இணைந்தது, மலேசியா 2022இல். ஆகவே, சென்னையில் பிரெயிலாக்கப்பட்ட தமிழ்நூலை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாக இங்குள்ள பிள்ளைக்கு வரவழைக்கச் சட்டத் தடை இல்லை. கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 'குருடு' என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது. பிரெயில் புள்ளிகளை விரலால் தடவாமல் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தே படித்துவிடும் பிள்ளைகளைப் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர்கள் அறிவார்கள். அப்பிள்ளைக்குத் தேவை முதலில் ஒரு கண் மருத்துவர். பிறகு தகுந்த கண்ணாடி அல்லது உருப்பெருக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல், சன்னலோரம் வெளிச்சமான ஓர் இடம்.