அடுப்பு முதலில், சபை பிறகு



வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23 அன்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் ஊர் மக்கள். பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் கேட்கப்படவில்லை. ஞானசபையில் வழிபாடு தொடங்கியதோ 1872-இல்தான். இந்த வரிசையைக் கவனியுங்கள். பாடம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். பசி தீர்ப்பதையே அவர் வழிபாடாகக் கொண்டார்.

நம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளை யார்? வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தபின் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் ஊராரிடம் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதையே முதலில் எடுத்துப் பேசுங்கள்.