முன்பணம் கட்டியவர் கடன் கொடுத்தவரே!

(கண்டியில் நடைபெற்ற பெற்றோர், விவசாயிகள் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எனது அலுவலகத்துக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். தமக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதியை, மகனின் படிப்புக்காக ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஒரே தடவையில் கட்டியிருக்கிறார். முழுவதையும் முன்னதாகக் கட்டினால் கழிவு உண்டு என்றார்களாம். நான்காம் மாதம் பையன் சென்றபோது கதவிலே பூட்டுத் தொங்கியது. பெரியவர் மடியிலிருந்த பற்றுச்சீட்டை என் மேசைமேல் விரித்து வைத்து, "ஐயா, இந்தத் துண்டுக்கு ஏதும் பெறுமதி உண்டுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கே இன்று விடை கூற வந்திருக்கிறேன்.

இந்தத் துயரம் நமது மலைநாட்டில் மட்டும் நிகழ்வதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, லாஸ் வேகாஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 'சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ்' என்னும் கம்பனி, பல மாநிலங்களில் ஹெலிகொப்டர் ஓட்டப் பயிற்றும் பள்ளிகளை நடத்தி வந்தது. கட்டணம் ஏறத்தாழ 70,000 டொலர். மாணவர் வங்கியிற் கடன்பட்டனர். அப்பணம் பள்ளியின் கைக்குச் சென்றது. 2008 பெப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை, பள்ளிகள் அனைத்தும் ஒரே நாளில் மூடப்பட்டன. உடனேயே கம்பனி வங்குரோத்து மனுவும் தாக்கல் செய்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் நடுத்தெருவில் நின்றனர். பள்ளி போயிற்று, கடன் மட்டும் போகவில்லை!

கலிபோர்னியா மாணவர் சிலர் கடன் கொடுத்த 'கீ பாங்க்' மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கையொப்பமிட்ட கடன் பத்திரத்தில், பிணக்கு எழுந்தால் நடுத்தீர்ப்புக்கே செல்லவேண்டும் என்றொரு வாசகம் இருந்தது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசகமே செல்லும் எனத் தீர்த்தது. நீதிமன்றத்தின் வாயிலும் அடைபட்டது.

அத்தகைய பள்ளி ஏன் வீழ்கிறது? விமானத்துக்கு எரிபொருள் வேண்டும், பராமரிப்பு வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். நேற்றுச் சேர்ந்தவனின் பயிற்சிச் செலவை இன்று சேர்பவனின் பணத்தால் ஈடுசெய்யத் தொடங்கினால், புதியவன் வருவது நின்ற நாளே பள்ளியின் இறுதி நாள். 2008இல் அமெரிக்காவிற் கடன்சந்தை இறுகியது, மாணவர்க்குக் கடன் கிடைப்பது அரிதாயிற்று, பள்ளியும் சாய்ந்தது.

2023 ஏப்ரலில் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலே, 1968 முதல் இயங்கிய 'டேசைட் ஏவியேஷன்' என்னும் விமானப் பள்ளியும் இவ்வாறே மூடப்பட்டது. ஆகவே பழம்பெயரும் நமக்குக் காப்பன்று.

அன்பர்களே! சட்டம் சொல்வதென்ன? முழுக் கட்டணத்தையும் முன்னரே கட்டியவர் தாம் கல்வியை வாங்கிவிட்டதாக எண்ணுகிறார். சட்டத்தின் கண்ணிலோ அவர் கம்பனிக்கு ஈடின்றிக் கடன் கொடுத்தவர். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கம்பனியை முடிவுறுத்தும்போது, சொத்தை ஈடாகப் பெற்ற வங்கி அச்சொத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர் முடிவுறுத்தும் செலவு, ஊழியர் சம்பளம், சேமலாப நிதி, வரி என்பவற்றுக்கு முன்னுரிமை உண்டு. எஞ்சியதிலேதான் மாணவனுக்குப் பங்கு. கட்டடம் வாடகை, தளபாடம் தவணைக் கடன் என்றால் எஞ்சுவது என்ன?

விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மாதம் முழுவதும் கொழுந்து கொடுத்துவிட்டு மாத முடிவிற் பணத்துக்குக் காத்திருக்கும் சிறுதோட்டக்காரர், தொழிற்சாலை இடையில் மூடப்பட்டால் எந்த நிலையில் நிற்பாரோ, அதே நிலையில்தான் இந்த மாணவனும் நிற்கிறான்.

ஆதலால் பெற்றோருக்கு நான் கூறுவது இது. கழிவுக்கு ஆசைப்பட்டு முழுப்பணத்தையும் கட்டாதீர்கள். கற்ற அளவுக்குத் தவணையாகக் கட்டுங்கள். வங்கிக் கடனாயினும் தவணையாகவே விடுவிக்கச் சொல்லுங்கள். நிலையம் மூடப்பட்டால் பணம் எவ்வாறு திரும்பும் என்பதை எழுத்திற் பெறுங்கள். தொழிற்பயிற்சி நிலையமாயின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்றும், விமானப் பள்ளியாயின் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் அங்கீகாரம் உடையதா என்றும் விசாரியுங்கள். ஆனால் பதிவுப் பத்திரம் பணத்துக்குப் பொறுப்பு நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். இழந்தவர்கள் காலந்தாழ்த்தாதீர்கள்: எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும், எழுதாததற்கு மூன்று ஆண்டுமே வழக்குத் தொடுக்கும் காலம்.

ஆனால் எச்சரிக்கை மட்டும் போதுமா? ஏழையின் விழிப்பிலேயே முழுப் பாரத்தையும் சுமத்திவிட்டு அரசாங்கம் வாளாவிருப்பது நீதியா? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்கீழ், ஆளனுப்பும் முகவர் வங்கி உத்தரவாதம் கொடுத்தே அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். வேலைக்கு அனுப்புபவரிடம் கேட்கும் உத்தரவாதத்தை, வேலைக்குப் பயிற்றுபவரிடம் ஏன் கேட்கலாகாது? பிரித்தானியாவிலே 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணுக்கு மேற்படாத விலையுள்ள பொருளையோ சேவையையோ கடனட்டையால் வாங்கினால், விற்றவர் வாக்குத் தவறும்போது அட்டை நிறுவனமும் பொறுப்பாகும். அங்கே இயல்வது இங்கே இயலாதா?

இயலும்! மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி மூடப்பட்டபோது, அதன் மாணவரைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற 2018இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. மருத்துவ மாணவருக்குக் கிடைத்த வழி, தோட்டத்துத் தொழிலாளியின் மகனுக்கும் கிடைக்கவேண்டும். முன்கட்டணம் தனிக்கணக்கிலே வைக்கப்படவேண்டும். கற்பித்த அளவுக்கே அதிலிருந்து எடுக்கப்படவேண்டும். பதிவுக்கு வங்கி உத்தரவாதம் நிபந்தனையாகவேண்டும். இம்மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றி, கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரிடமும், கட்சி பாராது, கையளிப்போம்.

அப்பெரியவருக்காக வழக்குத் தாக்கல் செய்யவிருக்கிறேன். தீர்ப்பு நமக்குச் சாதகமாகலாம். பணம் வருமென்று வாக்களிக்க என்னால் இயலவில்லை. இதனை அவரிடமே சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அடுத்தவன் பிள்ளைக்காவது உதவட்டும், போடுங்க ஐயா" என்றார். அந்தத் துண்டுக்குப் பெறுமதி உண்டாக்கும் பொறுப்பு இனி நம் அனைவருடையது.