குடந்தையின் நடுவூரும் நம் எழுத்தும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல் கடைத்தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் எண்ணக்கூடும். கும்பகோணத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துப் பேச இயலாது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இந்த ஊரின் நடுப்பகுதி தேய்ந்துவரும் முறையும், அதில் இன்னும் எஞ்சியிருக்கும் வாய்ப்பும் எழுதுவோர் கவலைப்பட வேண்டிய பொருள்கள் என்று கருதுகிறேன்.

நடுவூர் என்று நான் குறிப்பது வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடைப்பட்ட பழைய ஊரை. சக்கரபாணி, சார்ங்கபாணி, கும்பேசுவரர், இராமசாமி ஆகிய கோயில்களும், பொற்றாமரைக் குளமும், மகாமகக் குளமும், இவற்றை இணைக்கும் தெருக்களும் அடங்கிய பகுதி அது. ஒரு கோயிலிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போய்விடலாம். இந்த நெருக்கம் தற்செயலாக அமைந்ததன்று. தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராக விளங்கிய கோவிந்த தீட்சிதர் இராமசாமி கோயிலைக் கட்டியபோது, அதற்கும் பழைய சக்கரபாணி கோயிலுக்கும் இடையே ஒரு கடைவீதியையும் அமைத்தார் என்பர். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களும் அவர் காலத்துப் பணிகளே. வழிபாடு, வணிகம், நீர்நிலை, குடியிருப்பு ஆகிய நான்கையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த திட்டம் அது.

1866-இல் இவ்வூர் நகராட்சியாயிற்று. 1877-இல் புகைவண்டி வந்தது. 2021-இல் மாநகராட்சி என்ற பெயரும் கிடைத்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள் தொகை 1,40,156. கணக்கில் ஊர் வளர்ந்துதான் இருக்கிறது. நடுவூரின் நிலை என்ன?

முதற்பார்வைக்குத் தேய்வு எதுவும் தெரியாது. பகலில் இத்தெருக்களில் நடக்க இடமிராது. முகூர்த்த நாள்களில் சொல்லவே வேண்டாம். ஆனால் தலையை நிமிர்த்தி மாடிகளைப் பாருங்கள். கீழே கடை, மேலே மூடிய சன்னல். கடைக்குப் பின்னால் உள்ள கூடமும் முற்றமும் சரக்கு அறைகளாகிவிட்டன. சில தெருக்களில் வீடு பூட்டியிருக்கிறது. திண்ணையில் கம்பி வேலி. இரவில் கடைகள் அடைத்தபின் தெரு வெறிச்சோடிவிடுகிறது. நெரிசல் இருக்கிறது, குடிவாழ்க்கை குறைந்திருக்கிறது. நம் நடுவூரின் நோய் நெரிசலுக்குள் மறைந்துகொள்வதால், அதை நோய் என்று யாரும் கருதுவதில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. நிலத்தின் வருவாயை நம்பியிருந்த குடும்பங்கள் கல்வியையும் வேலையையும் நாடிச் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் சென்றன. வீடுகள் பங்காளிகளிடையே பிரிந்தன. ஐந்து வாரிசுகளுக்கு உரிய வீட்டைப் பழுதுபார்க்க எவரும் முன்வருவதில்லை. விற்கவும் ஐவரும் ஒன்றுசேர வேண்டும். ஆகவே பூட்டு தொங்குகிறது. ஓடு சரிகிறது, மழைநீர் மண்சுவரில் இறங்குகிறது, பிறகு இடிப்பதைத் தவிர வழியில்லை என்று ஆகிவிடுகிறது.

இன்னொரு காரணம் பாத்திரம். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பேர்பெற்ற ஊர் இது. எவர்சில்வர் அடுப்படிக்குள் நுழைந்ததும் தவலையும் அண்டாவும் குண்டானும் வெண்கலப் பானையும் அன்றாடப் புழக்கத்திலிருந்து சீர்வரிசைக்கும் பரணுக்கும் ஒதுங்கின. வீடுதோறும் தினமும் புழங்கிய பொருள், திருமணத்துக்கு ஒருமுறை வாங்கும் பொருளாகச் சுருங்கினால், அதை நம்பியிருந்த பட்டறைகள் என்னாகும்? கடைகள் இன்றும் மின்னுகின்றன. சுத்தியல் ஓசை கேட்ட சந்துகள்தாம் அமைதியாகிவிட்டன.

மூன்றாவது காரணம் நம் வாகனப் போக்குவரத்து. மாட்டுவண்டியின் அகலத்துக்கு அமைந்த தெருவில் காரை நிறுத்த இடமில்லை. எனவே திருமண மண்டபமும் பெரிய கடையும் புறவழிச் சாலைகளை நோக்கி நகர்ந்தன. யாத்திரிகரின் வழக்கமும் மாறிற்று. நவக்கிரகத் தலங்களைச் சுற்றிவர வருவோர் குடந்தையை இரவு தங்கும் இடமாகவே கொள்கின்றனர். விடியுமுன் வண்டி கிளம்பிவிடுகிறது. அவர்கள் நம் ஊரில் உறங்குகிறார்கள், ஊரைக் காண்பதில்லை.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். 1880-இல் உ. வே. சாமிநாதையர் இவ்வூர் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டு முன்சீபாக இங்கு மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் காணச் சென்ற ஐயரிடம், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வியை நாம் அறிவோம். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியதும், அதைத் தொடர்ந்து பழந்தமிழ் நூல்கள் வரிசையாக வெளிவந்ததும் அந்தச் சந்திப்பின் விளைவுகள். ஓர் அதிகாரியும் ஓர் ஆசிரியரும் ஒரே ஊரில், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சென்றுவரும் தொலைவில் வாழ்ந்தார்கள். அதனால் அது கூடிற்று.

அடுத்த நூற்றாண்டிலும் இதுவே நிகழ்ந்தது. ந. பிச்சமூர்த்தி இவ்வூரில் வழக்கறிஞராக இருந்தவர். அவரும் கு. ப. ராஜகோபாலனும் இணைபிரியா நண்பர்கள். 'கும்பகோணம் இரட்டையர்' என்றே அழைக்கப்பட்டவர்கள். தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கத்தில் இருவர் பெயரும் உண்டு. சென்னையிலிருந்து ஊர் திரும்பிய கு. ப. ரா.வைச் சுற்றி இளைஞர்கள் கூடினர், தி. ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சும் அவர்களுள் இருந்தனர். 1944-இல் கு. ப. ரா. மறைந்தார், அவர் பற்றவைத்தது அணையவில்லை. பட்டு ஜரிகை வணிகத்தில் இருந்துகொண்டே எம். வி. வெங்கட்ராம் 1948-இல் 'தேனீ' இதழை இங்கிருந்து நடத்தினார். மௌனியை மீண்டும் எழுத வைத்ததும் அவ்விதழே. ஜானகிராமனின் 'மோகமுள்' இத்தெருக்களை விட்டால் நிற்க இடமில்லாத நாவல். எம். வி. வி.யின் 'வேள்வித்தீ' சௌராஷ்டிர நெசவாளரின் தறியிலிருந்து பிறந்தது.

இவர்கள் அனைவருக்கும் மேதை இருந்தது. ஆயினும் மேதை மட்டும் போதுமா? சந்திக்க இடம் இருந்தது. சந்திக்க நேரம் கேட்டுத் தந்தி அடிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒருவர் மற்றவரை எதிர்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டி, அன்றே திட்டு வாங்கித் திருத்த முடிந்தது. ஊரின் நடு என்பது இத்தகைய எதிர்பாராச் சந்திப்புகளுக்கான இடம். அது கலைந்தால் இதழும் வட்டமும் கலையும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய தெரு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. திண்ணை எல்லோரையும் உட்காரச் சொல்லவில்லை. சாதி எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று வகுத்திருந்தது. பெண்கள் திண்ணை விவாதத்தை உள்ளிருந்து கேட்டனரேயன்றி அதில் அமரவில்லை. ஆகவே பழையதை அப்படியே மீட்போம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று சிலருக்கு மட்டும் கிடைத்த அண்மையை இன்று எல்லோருக்கும் ஆக்க முடியும் என்பதே நடுவூரின் உண்மையான வாய்ப்பு. பூட்டிய வீடு ஒன்று படிப்பகமாகத் திறக்குமானால், முன்பு அதன் வாசலில் நின்றவரின் பேரனும் பேத்தியும் கூடத்தில் அமர்ந்து படிக்கலாம்.

இது கனவன்று. சார்ங்கபாணி சன்னிதித் தெருவில் கணிதமேதை இராமானுஜன் வாழ்ந்த எளிய ஓட்டு வீட்டைச் சாஸ்திரா பல்கலைக்கழகம் 2003-இல் வாங்கிப் பழைய வடிவிலேயே காத்துவருகிறது. சிறிய திண்ணை, சிறிய அறை, அவ்வளவே. உலகின் பல பகுதிகளிலிருந்தும் அந்த வாசலுக்கு ஆள் வருகிறார்கள். புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி வீடுகளின் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் உரிமையாளர்களின் இசைவோடு புதுப்பித்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அங்குள்ள வீட்டின் அமைப்பும் நம் வீட்டின் அமைப்பும் வேறல்ல. தனி ஒருவரால் ஆகாததை ஒரு தெரு சேர்ந்து செய்தது, அவ்வளவே வேறுபாடு.

பொருள் வளமும் அருகிலேயே இருக்கிறது. சுவாமிமலைச் சிற்பம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. கும்பகோணம் வெற்றிலைக்கும் 2025-இல் அது கிடைத்தது. இவற்றைச் செய்வோர் சுற்று ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் அமர்ந்து வேலை செய்வதைக் காணவும், இடையில் தரகரின்றி வாங்கவும் நடுவூரில் ஒரு கூடம் அமைந்தால், இரவு மட்டும் தங்கிச் செல்பவர் அரை நாள் தங்குவார். 1904-இல் 'கும்பகோணம் வங்கி' என்று தொடங்கியதே இன்றைய சிட்டி யூனியன் வங்கி. நாடு முழுதும் கிளைபரப்பிய நிறுவனமொன்றைத் தன் முதலிலிருந்து முளைக்கச் செய்த ஊருக்கு ஒரு கூடம் அரிதா?

2028-இல் அடுத்த மகாமகம். அதற்கு முன்பாக நிதி வரும்; சாலை போடுவார்கள்; சுவருக்கு வண்ணம் பூசுவார்கள். 1992 மகாமகத்தில் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், 2004 ஜூலை 16 அன்று இவ்வூர்ப் பள்ளியொன்றின் தீயில் 94 குழந்தைகள் கருகியதையும் நாம் மறக்க முடியாது. இடுக்கான கட்டடத்தில் அளவுக்கு மீறி ஆளை அடைத்தால் என்ன நேரும் என்று அறிந்த ஊர் இது. எனவே ஒருநாள் கூட்டத்துக்காக மட்டும் ஊரைச் செப்பனிடாமல், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வாழப்போகிறவர்களுக்காகச் செப்பனிடுங்கள் என்று கேட்க வேண்டும். நடக்க நிழலான ஓரம், குளங்களுக்கு ஆற்றுநீர் வரும் வாய்க்கால், மாடிகளில் பாதுகாப்பாகக் குடியிருக்க ஏற்ற படிக்கட்டு, உட்கார இடம். இவை பெரும் செலவுள்ளவை அல்ல. கேட்பார் இல்லாததால் கிடைக்காதவை.

கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். வட்டம் செய்யக்கூடியவை மூன்று உண்டு. வசதி கருதி ஊருக்கு வெளியே நடத்தும் நம் மாதக் கூட்டத்தை நடுவூருக்குள் கொண்டுவருவோம். கார் நிறுத்த முடியாதே என்பவர் காலாற நடந்து வரட்டும். அடுத்து, எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளையும் கூடிய இடங்களையும் உரிமையாளரின் இசைவோடு குறித்து ஒரு தெருப்படம் ஆக்குவோம். பிச்சமூர்த்தியின் ஊருக்கு வரும் இளங்கவிஞருக்கு வழிகாட்ட நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை.

மூன்றாவது, கவிஞர்களுக்கே உரியது. ரேழி, கூடம், இரண்டாங்கட்டு, பாவு, ஊடை, கோர்வை, கொடிக்கால், கவுளி, போகணி, சருவம், கும்பா. இவை பொருளோடு சேர்ந்து போகும் சொற்கள். பட்டறை மூடினால் சுத்தியல் வகைகளின் பெயரும் மூடிப்போகும். முதிய கன்னாரிடமும் நெசவாளரிடமும் சென்று அமர்ந்து அவர்கள் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதிக்கு மட்டுமன்று, உங்கள் அடுத்த கவிதைக்கும் அவை வேண்டும். இந்தத் தெருக்களிலிருந்து எழுந்த எழுத்தைப் படித்து வளர்ந்த நாம், தெருவுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் இது.

பத்தாண்டுகள் ஒரு வட்டம் கலையாமல் கூடிவந்ததே, இவ்வூரில் கூடும் பழக்கம் இன்னும் சாகவில்லை என்பதற்குச் சான்று. இருபதாம் ஆண்டு விழா மலரில், நடுவூரில் விளக்கெரியும் மாடிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று ஒருவர் எழுத வேண்டும். அதற்கான முதல் கூட்டம் அடுத்த மாதமே அங்கு நடக்கட்டும்.