குழந்தைக்கேற்ற பயிற்சி

ஆட்டிசம் என்ற சொல் இன்று நம் சிற்றூர்களிலும் வழங்கத் தொடங்கியுள்ளது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, பேச்சு வருவதில் தாமதம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சிறு ஓசைக்கும் பெரிதும் கலங்குதல் ஆகியவற்றுள் சில ஒரு குழந்தையிடம் சேர்ந்து காணப்படும்போது பெற்றோர் மனம் அஞ்சுகிறது. மருத்துவர் பெயரைச் சொல்லிவிடுகிறார். அதன் பின்னர் எழும் கேள்விதான் கடினமானது: யாரிடம் அழைத்துச் செல்வது? எந்தப் பயிற்சியைத் தேர்ந்துகொள்வது? இக்கேள்வியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிட வேண்டும். 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளின் இயல்பை விரித்தெழுதி இந்நிலையை உலகறியச் செய்தார். அதன் பின் பல ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து மேலைநாடுகளில் பரவியிருந்தது. 1964-இல் பெர்னார்டு ரிம்லாந்து என்ற உளவியல் அறிஞர், தாமே அத்தகைய மகனைப் பெற்ற தந்தை, அக்கருத்து ஆதாரமற்றது எனத் தக்க சான்றுகளோடு காட்டினார். மூளையின் வளர்ச்சியில் பிறப்பிலேயே அமையும் வேறுபாடு இது. பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆதலின் மருமகளைக் குறை கூறும் மாமியாரும், தன்னையே நொந்துகொள்ளும் தாயும் அக்கவலையை விட்டொழித்தல் வேண்டும். பழியில் கழியும் நாட்கள் குழந்தைக்கு உரிய நாட்கள் அல்லவா?

நடத்தைப் பயிற்சி என்பதன் அடிப்படை எளியது. ஒரு செயலுக்கு முன் நிகழ்வது யாது, செயல் யாது, அதன் பின் விளைவது யாது என்ற மூன்றையும் உற்று நோக்குவதே அது. ஒரு சிறுவன் உணவு வேளையில் கூவி அழுகிறான் என்று கொள்வோம். பசியால் அழுகிறானா, அடுப்படியின் இரைச்சல் தாங்காமல் அழுகிறானா, பல்வலியைச் சொல்லத் தெரியாமல் அழுகிறானா என்று அறியாமல் அழுகையை மட்டும் அடக்க முயல்வது, புகையைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வது போன்றதாகும். காரணத்தை அறிந்து, அழுகைக்குப் பதிலாக ஒரு சொல்லையோ, ஒரு சைகையையோ, ஒரு படத்தையோ கற்பிப்பதே நல்ல பயிற்சி.

இத்துறையில் புகழ்பெற்றது ஐவார் லோவாஸ் என்பார் கலிபோர்னியாவில் செய்த ஆய்வு. 1987-இல் அது வெளியாயிற்று. வாரம் 40 மணி நேர அளவில், ஈராண்டுக்கு மேல் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பொதுப் பள்ளியில் பிற குழந்தைகளோடு பயிலும் நிலையை எய்தினர் என்று அவர் எழுதினார். இக்கணக்கை இன்றும் பலர் எடுத்துக்காட்டுவர். ஆனால் குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்படவில்லை என்பதையும், அப்பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடித்தலும் இடம்பெற்றன என்பதையும் அவர்கள் சொல்லுவதில்லை. பின்வந்த ஆய்வுகளில் பயன் தெரிகிறது; ஆயினும் அது குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபடுகிறது. அத்தகைய பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான சிலர், தம் இயல்பை மறைக்கவே தாம் பழக்கப்பட்டதாக வருந்திக் கூறுகின்றனர். அக்குரலுக்கும் நாம் செவிசாய்க்க வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. இக்கரையில் நெய்த மெல்லிய துணிகளை அவர்கள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். மாதிரித் துணியோடு ஒப்பிட்டுச் சரக்கைத் தேர்வது அக்கால வணிகரின் வழக்கம். துணிக்கு மாதிரி உண்டு. குழந்தைக்கு மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் பயனற்றது. சென்ற திங்களில் இக்குழந்தை எவ்வாறு இருந்தது, இத்திங்களில் எவ்வாறு இருக்கிறது என்பதே உரைகல். பயிற்சி நிலையத்தைத் தேரும் பெற்றோர் மனத்தில் இதனைப் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

நிலையத்தாரிடம் கேட்க வேண்டியவை ஐந்து. முதலாவது, கற்பிப்பவர் யார்? 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலார், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. இரண்டாவது, மூன்று திங்களில் எதனைக் கற்பிக்கப் போகிறீர்கள்? தண்ணீர் வேண்டும் என்பதைத் தெரிவித்தல், கழிப்பறைப் பழக்கம், சட்டை அணிதல் என வாழ்க்கைக்கு உதவும் விடை வர வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே என்பவை மட்டுமே குறிக்கோளாயின் ஐயுறுக. மூன்றாவது, முன்னேற்றத்தை எழுதி வைக்கிறீர்களா? நான்காவது, குழந்தை மறுத்தால் என்ன செய்வீர்கள்? அடித்தல், கட்டிவைத்தல், உணவை மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் விடையில் தலைகாட்டினால் அவ்விடத்தை விட்டு அகலுக. ஐந்தாவது, தாயோ தந்தையோ உடன் அமர்ந்து கற்கலாமா? கதவை அடைத்துக்கொண்டு பயிற்றுவிப்பவர் எத்துணைப் புகழ் உடையவராயினும், வீட்டுக்கு அவரால் பயன் குறைவே.

குணப்படுத்தித் தருகிறோம் என்று உறுதி கூறுவோர் எங்கும் உளர். ஆட்டிசம் மருந்தால் மாறுவதன்று. உடலிலுள்ள உலோகத்தை வெளியேற்றுவதாகக் கூறும் மருத்துவத்தால் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். நகையை அடகுவைத்துத் தொலைவூர் செல்லுமுன் இதனை நினைவிற்கொள்க. தடுப்பூசியால் இது விளைகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2010-இல் இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே தடுப்பூசியை நிறுத்த வேண்டா.

இனி, அருகில் உள்ள உதவிகளைக் காண்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்தைக் கடந்து வடக்கே சென்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு 2005-இல் அதனை நிறுவியது. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைக் கண்டு, முதலில் செவிப்புலனையும் சோதித்துக்கொள்ளலாம். 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நடைபெறும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகையுள் ஆட்டிசமும் ஒன்று. குறிப்பிட்ட அளவு குறைபாடு உடைய குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை அண்டைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அச்சட்டம் அளிக்கிறது.

ஆயினும் வலை இழுக்கும் தந்தையும் கூலிக்குச் செல்லும் தாயும் நாள்தோறும் பேருந்தேறி முட்டுக்காடு செல்ல இயலுமா? இயலாது என்பதே உண்மை. பேருந்தின் இரைச்சலில் கலங்கிக் களைத்து இறங்கும் குழந்தை அங்கே என்ன கற்கும்? இதற்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2016-இல் அதன் முடிவு வெளியாயிற்று. சிறப்பு மருத்துவர் அல்லாத நலப்பணியாளர்கள், ஆறு திங்களில் பன்னிரண்டு முறை பெற்றோருடன் அமர்ந்து, குழந்தை நோக்கும் பொருளைத் தாமும் நோக்கி, அதன் முயற்சிக்கு மறுமொழி தரும் கலையைக் கற்பித்தனர். எல்லா அளவுகளிலும் வெற்றி கிட்டவில்லை. ஆனால் பெற்றோரின் மறுமொழி செம்மையுற்றது. குழந்தைகள் தாமாகவே தொடர்பு கொள்ள முயல்வது மிகுந்தது.

எனவே திங்களுக்கு இரு முறை சென்று கற்றுவந்து, அதனை வீட்டில் நாள்தோறும் பயன்படுத்துவது பல குடும்பங்களுக்கு ஏற்ற வழியாகலாம். ஒரு குறிப்பேட்டில் நாளொன்றுக்கு இரண்டு வரி எழுதுக. இன்று எதனைத் தானே கேட்டது, எதனால் அழுதது, எப்போது சிரித்தது என்பவை போதும். மூன்று திங்கள் கழித்து அவ்வேட்டைப் புரட்டினால் பயிற்சியைத் தொடர்வதா, மாற்றுவதா என்பது விளங்கும். பயிற்சிக்குச் செல்லும் நாளில் குழந்தை மகிழ்ந்து புறப்படுகிறதா, அஞ்சி ஒடுங்குகிறதா என்பதையும் அதில் குறித்து வைக்க மறவாதீர்கள். பேசத் தெரியாத குழந்தையும் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறது. நமக்காக அதனைப் பயிற்றுவிப்பவர் யாராயினும், அவ்விருப்பத்தை மதிப்பவராக இருத்தல் வேண்டும்.