எறியுளியும் வாச்சியும்



குறுந்தொகையின் 304ஆம் பாடல் பிரிவுத்துயர் பேசுவது. ஆயினும் அதன் தொடக்கத்தில் ஒரு கருவி நிற்கிறது. கொல்லன் தொழிலால் கூர்மை பெற்று, உலர்ந்த மூங்கிற் காம்பில் செருகப்பெற்ற எறியுளி அது. பரதவர் திமிலேறிச் சென்று கோட்டுமீனை அதனால் எறிந்தனர். முனை யார் கைவேலை, காம்பு எந்த மரம், எறியும் விசை எத்தகையது என்பவற்றையெல்லாம் கணக்காயன் தத்தனார் அறிந்திருந்தார். இன்றைய நெய்தற் கவிதைகளிலோ வலை உண்டு, படகு உண்டு, பெரும்பாலும் அவ்வளவே.

கருவியறிவு தமிழருக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது வாளும் வேலும் மட்டுமா கிடைத்தன? மண்வெட்டியும் கத்தியும் உடன் கிடைத்தன. மாண்டவரோடு உழைப்பின் கருவியையும் புதைத்த மக்கள் அவர்கள். சிவகளை இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுசெல்லும் ஆய்வு முடிவு 2025இல் வெளியாயிற்று.

கடல் கடந்த பெரு நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் ஓங்கிய இன்கா மக்கள் இரும்பை உருக்க அறியார். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் உளியும் கோடரியும் வார்த்தனர். மச்சு பிச்சுவின் பாறைகளைப் பெரும்பாலும் கல்லாலேயே கொத்திப் பொருத்தினர். அரைவட்ட வாயுடைய அவர்தம் கத்திக்குத் 'துமி' என்று பெயர். தமிழிலும் துமித்தல் என்றால் வெட்டுதல்! இது தற்செயலான ஒலியொப்புமை. இதைக்கொண்டு உறவு கொண்டாடப் புறப்பட வேண்டா.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோர் 1613இல் எழுந்த டச்சுக் கோட்டையையும் அவர்தம் கல்லறைகளையும் தேடுவர். ஏரிக்கரைக் குப்பங்களில் மரத்தைக் கலமாக்கிய கருவிகளைத் தேடுவார் அரியர். வாச்சியால் செதுக்கிய மரங்களை ஆணியால் அன்று, கயிற்றால் பிணைப்பதே கட்டுமரம். உப்புநீர் இரும்பைத் தின்னும். கயிறோ அலைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். வேண்டும்போது அவிழ்த்து மரங்களைக் கரையில் உலர்த்தவும் இயலும். இரும்பு மரத்துக்கு வடிவு தந்துவிட்டுக் கரையிலேயே நின்றுவிடும். கருவியின் இத்தகைய அடக்கத்தைக் கவிஞர் எவரும் பாடாதது வியப்பே.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவை அச்சில் பிறப்பவை. பழுதானால் பிசினும் தூரிகையும் போதும். மீனவர்க்கு அது நன்மையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாச்சி கையிலிருந்து இறங்கினால், அச்சொல்லும் நாவிலிருந்து இறங்கும். அதன் பிடி, வாய், வெட்டின் ஒலி ஆகியவற்றைக் கேட்டெழுதத் தச்சர் இருக்கும்போதே செல்ல வேண்டும்.

அங்குக் கருவியே இல்லாத தொழிலொன்றும் உண்டு. ஏரியின் ஆழமில்லா நீரில் இருளர் பெண்கள் சேற்றை விரல்களால் துழாவி இறால் பிடிக்கின்றனர். எறியுளி ஏந்திய பரதவனுக்குச் சங்கப்பாட்டில் இடம் கிடைத்தது. இவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இரு கைகளும் நீருக்குள் இருப்பதால், பிடித்த இறாலை இடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருக்கின்றனர். அந்நேரம் அவர்களால் பேசவும் இயலாது.